மூக்காயி சந்தேகப்பட்ட சாடி

இலங்கையின் ஹேவாஹெட்ட மலைகளில் கோப்பி விளைந்த காலத்தில், ஒரு தோட்டத்தில் கோப்பிக்கொட்டை பதப்படுத்தும் ஸ்டோரின் விளக்குகள் எல்லாம் மூக்காயியின் பொறுப்பில் இருந்தன. பஞ்சத்துக்குத் தப்பி, மதுரைச் சீமையிலிருந்து அண்ணனோடு நடந்து வந்தவள். வேலையில் சுறுசுறுப்பு, யாரையும் லேசில் நம்பமாட்டாள்.

விளக்குக்கான தேங்காய் எண்ணெயை, மலைக்குக் கீழே வெயில் காயும் கலகெதரையிலிருந்து பொதிமாட்டில் கொண்டுவருபவன் பழனியாண்டி. கண்டியைத் தாண்டி மலையேறி அவன் இறக்கும் சாடியில் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும். எப்போதும் விளிம்புக்குக் கீழே இறங்கி, நடுவில் குழி விழுந்திருக்கும். வழியில் யாருக்கோ ஊற்றிக் கொடுத்துவிட்டு வருகிறான் என்று மூக்காயி முடிவு கட்டினாள்.

“உறைஞ்சாலும் எண்ணெ எண்ணெதானே. மிச்சம் எங்க போச்சு?” என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

பழனியாண்டிக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்த முறை கலகெதரைக் கடைக்காரர் முஹைதீனிடம் நடந்ததைச் சொன்னான். அவர் உச்சிவெயிலில் சாடியை வழிய வழிய நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, மெழுகு ஊற்றி, தம் மோதிரத்தை அதில் அழுத்திக் கொடுத்தார்.

மெழுகு சிதையாமல்தான் மேலே வந்தது. மூக்காயியே உடைத்துத் திறந்தாள். எண்ணெய் வழக்கம்போலவே குறைந்திருந்தது.

அவள் சாடியைக் கோப்பித் தராசில் வைத்து நிறுத்துவிட்டு, அடுப்போரம் நகர்த்தினாள். யாரும் கிட்ட வந்து ஊற்றிவிடக் கூடாதென்று பக்கத்திலேயே குந்திக் காவலிருந்தாள். எண்ணெய் இளகியது, தெளிந்தது, மெல்ல மெல்ல ஏறி விளிம்பைத் தொட்டது. மறுபடி நிறுத்தாள். அதே எடை. எண்ணெய் எங்கும் போகவில்லை; குளிரில் இறுகி, குறைந்த இடத்துக்குள் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

பழனியாண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். நேரே அவனிடம் போனாள்.

“ஒங்களத் தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

“எண்ணெயும் நம்ம மாதிரிதான் போல. குளிருக்கு நாமளும் கம்பளிக்குள்ள சுருண்டுதானே படுக்கிறோம்?” என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் தப்பாகப் பேசியதை, முன்பு கேட்டவர்கள் எல்லோரிடமும் அன்றே போய்ச் சொன்னாள். அதன்பிறகு அவன் வரும் நாளெல்லாம் அவளுக்குப் பாதையோரத்தில் ஏதாவது வேலை இருந்தது. அண்ணன் அதைக் கவனித்து, தானே பேச்செடுத்தான். கண்டியில் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினார்கள்.

ஸ்டோர் வேலையை விட்டு அவளும் பொதிமாட்டோடு நடக்கத் தொடங்கினாள். முதல்முறை கலகெதரைக்கு இறங்கியபோது முஹைதீன் வீட்டில் இருவருக்கும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பான வட்டிலப்பம் கொடுத்தார்கள். மலைக்குளிரில் இருந்தவளுக்கு அந்த ஊர் வெயில் மிகவும் பிடித்துப்போனது. இன்னும் ஒருநாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றாள், இருந்தார்கள்.