சனிக்கிழமை வகுப்பில் உறுமி

முகுந்தன் சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்துத்தான் போடுகிறார். பார்க்காவிட்டால் பொத்தான் விரலுக்குள் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று அவருக்குத் தெரிவதில்லை. குடலில் வந்த புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து நோயைக் கொண்டுபோனது. போகிற போக்கில் விரல்நுனிகளின் உணர்வையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. "சட்டை போடறதுக்கே ஓவர்டைம் குடுக்கணும் லா" என்பார். குளிர்ந்த பொருளைத் தொட்டால் ஷாக் அடித்த காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் பிரிட்ஜை இன்னும் முழங்கையால்தான் திறக்கிறார்.

கிள்ளானில் அவருக்கு இரண்டு பெயர். லோரி முகுந்தன் என்றால் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்குச் சாமான் ஏற்றியவர். உறுமி முகுந்தன் என்றால் கோயில் ஊர்வலங்களில் லோகனின் உறுமி மேளக் குழுவில் முதல் வரிசையில் நடந்தவர். லோரிச் சாவி இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. கம்பெனி அவரை வாசலில் உட்காரவைத்து, வருகிற போகிற வண்டிகளுக்குத் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடச் சொல்லியிருக்கிறது. பழைய கூட்டாளிகள் கண்ணாடியை இறக்கி "எப்படி பாஸ்?" என்றால் ஒரே பதில்தான். "டயர்ட் லா. வேற ஒன்னுமில்ல." பசிக்கவில்லை என்றாலும் அதுதான், மனைவி தாமரையோடு மனத்தாங்கல் என்றாலும் அதுதான். அந்தச் சொல்லைக் கேட்டாலே தாமரை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

சனிக்கிழமை காலை வகுப்பில் அவரைச் சேர்த்துவிட்டதும் தாமரைதான். சிகிச்சை முடிந்தவர்களுக்காக, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றிலிருந்து ரமணி டீச்சர் ஆன்லைனில் நடத்தும் வகுப்பு அது. கொஞ்சம் மூச்சுப் பயிற்சி, கொஞ்சம் பாட்டு. முகுந்தன் போனை மைலோ டின்னில் சாய்த்துவைத்துக்கொண்டு உட்காருவார். ரமணியின் ஜன்னலுக்கு வெளியே ரயில் கடக்கும்போதெல்லாம் வகுப்பு நிற்கும். "ரயில் போகட்டும், அதுவரைக்கும் மூச்சை மட்டும் கவனிங்க" என்பார் டீச்சர். அந்த இடைவெளியில் முகுந்தன் பாதி நாள் தூங்கிவிடுவார். குறட்டைச் சத்தம் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை. அந்த வகுப்பில் எல்லோருமே களைத்தவர்கள்தான்.

உறுமியை மட்டும் அவர் தொடவில்லை. மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து ஒருமுறைகூட இல்லை. அடித்துப் பார்த்து வராமல் போனால், வராது என்பது உறுதியாகிவிடும். அந்தப் பயம் அவருக்கு நோயைவிடப் பெரிது. திருவிழா நெருங்கியதும் அவரே லோகனைக் கூப்பிட்டு, "எனக்கு இனிமே சரிப்படாதுடா. நல்லா அடிக்கிற ஆளா பார்த்துக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டார். போன சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துப்போக வருவதாக லோகன் சொல்லியிருந்தான். தாமரை காலையிலேயே அதை மஞ்சள் துணியில் சுற்றிக் கதவோரம் வைத்திருந்தார்.

அன்றைய வகுப்புக்கு ரமணி ஒரு வேலை கொடுத்திருந்தார். மனசை அமைதிப்படுத்துகிற சத்தம் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுவர வேண்டும். ஒருவர் மழையைப் பதிவு செய்து வந்தார். கேரி தீவு இராஜம்மா கடுகு தாளிக்கிற சத்தத்தைக் கொண்டுவந்தார். இந்த இராஜம்மாவுக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தோட்டத்து அம்மன் கோயிலில் வருஷம் தவறாமல் அவருக்கு அருள் வரும். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த திருவிழாவில் வரவில்லை. "கொறையுள்ள ஒடம்பாயிருச்சே, அம்மா எப்படி வருவா" என்று ஒருநாள் வகுப்பிலேயே சொன்னார்.

முகுந்தனுக்கு அமைதி தருவது உறுமிதான். அடிக்கும்போது லோரி வேலை, தலைவலி எதுவும் நினைவில் இருக்காது. அதனால் கள்ளமில்லாமல், தாமரையின் போனில் இருந்த பழைய ஊர்வலப் பதிவை எடுத்து ஓடவிட்டார். மனசு அடங்க நடத்துகிற வகுப்பில் உறுமியைப் போட வேறு யாருக்குத் தோன்றும்? கொஞ்ச நேரத்தில் இராஜம்மாவின் தோள் குலுங்கியது. பிறகு தலை. நாற்காலி சாய்ந்தது. அவர் வீட்டில் வேறு யாரும் இல்லை.

எல்லோர் மைக்கும் ஒன்றாகத் திறந்தது. "நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க" என்றார் ரமணி.

"பாதியில நிறுத்தக் கூடாது டீச்சர். அப்படியே விழுந்துருவாங்க. எறக்கித்தான் விடணும்" என்றார் முகுந்தன்.

பதிவோ ஊர்வல வேகம், ஏறிக்கொண்டேதான் போகும். முகுந்தன் கதவோரம் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் தாமரை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

உறுமித் தோலை உரசி இழுக்கிற அந்த வளைந்த குச்சி அவரே தீயில் காட்டி வளைத்தது. அவர் பிடிக்கே தேய்ந்தது. இப்போது அது தோலில் பதிகிறதா வழுக்குகிறதா என்று விரல் சொல்லவில்லை. முதல் இழுப்பு வழுக்கிக் கிறீச்சிட்டது. அவர் காதைத் தோலருகே சாய்த்தார். கண்ணைத் திரையில் இராஜம்மாவின் முகத்தில் வைத்தார். விரல் சொல்லாததைக் காது சொல்ல ஆரம்பித்தது. உறுமி உறுமியது. பதிவை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் தொடர்ந்து, பிறகு இழுத்து, இன்னும் இழுத்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இராஜம்மா தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"வந்துட்டா" என்றார். அழுதார். ஜன்னலுக்கு வெளியே ரயில் போனது. அன்றைக்கு ரமணி யாரையும் மூச்சைக் கவனிக்கச் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்த பிறகுதான் மஞ்சள் துணியில் ரத்தத்தைத் தாமரை பார்த்தார். கட்டைவிரல் தோல் உரிந்திருந்தது. "ஏங்க, வலிக்கலியா?"

"தெரியல" என்றார் முகுந்தன். அவர் முகத்தில் சந்தோஷமா வருத்தமா என்று தாமரையால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிளாஸ்டரை ஒட்டிவிட்டுக் கையைச் சற்று நேரம் விடாமல் வைத்திருந்தார்.

சொன்னபடி சாயங்காலம் லோகன் வந்தான். முகுந்தன் தடுக்கவில்லை. ஊர்வலத்தில் மணிக்கணக்காக அடிக்க இந்தக் கை தாங்காது. அதை அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. லோகன் துணியைப் பிரித்து உறுமியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"குச்சி எங்கண்ணே?"

"இங்கதான் எங்கயாவது கெடக்கும். புதுசா ஒன்னு வெட்டிக்க லா."

"டயர்டா இருக்கீங்களாண்ணே?"

"இல்லடா" என்றார்.

சோபாவுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் லோகன் தேடினான். தாமரை முகுந்தனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார். முகுந்தனின் தொடைக்கு அடியிலிருந்து குச்சியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டர் விரலால் அவர் அதை உள்ளே தள்ளினார். மறைந்துவிட்டதா என்பது விரலுக்குத் தெரியாது. குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.