பாதிரியார் தோட்டத்து எடல்வைஸ்

யோஸ்டுக்கு உயரம் என்றால் ஆகாது. பிறந்ததோ ஆல்ப்ஸ் மலைச் சரிவில். ரொட்டி சுடும் தொழில் கைவந்ததால் பிழைத்தான். "மாதா கோயில் மணிக்கூண்டை நிமிர்ந்து பார்த்தாலே இவனுக்குத் தலை சுத்தும்" என்று ஊரே கேலி பேசும். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வான்.

பால் பண்ணையில் சீஸ் காய்ச்சும் ரெகுலாவின் மேல் ஆசை வந்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. அந்தப் பள்ளத்தாக்கில் பெண் கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போவதில்லை. உச்சிப் பாறைகளில் பூக்கும் எடல்வைஸைத் தானே பறித்துக்கொண்டு போக வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக்கூட நிற்காமல் மலையேறினான். பாறை விளிம்பில் பூ தெரிந்தது. கை நீட்டினால் எட்டிவிடும். ஆனால் அதற்குக் கீழே வெறும் ஆகாயம். எங்கோ அடியில் ஆடுகள் அரிசி சிந்தினாற்போல் கிடந்தன. குப்புறப் படுத்து, படுத்தபடியே பின்னுக்கு ஊர்ந்து வந்துவிட்டான்.

ஊருக்குள் நுழைந்ததும் பாதிரியாரின் தோட்டத்தில் அதே பூ கண்ணில் பட்டது. தயங்கித் தயங்கிக் கேட்டான். பாதிரியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாமே கத்தரித்துக் கொடுத்தார்.

ரெகுலா வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மலைப் பூ என்றால் வெள்ளை ரோமம் அடர்ந்திருக்கும். இதுவோ பச்சை பாரித்துக் கிடந்தது.

"பாதிரியார் வீட்டுப் பூதானே இது?"

பொய் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. "ஆமா. மேல போனேன் ரெகுலா. பயந்து திரும்பிட்டேன்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் மலைக்குப் போன செய்தி கோயிலிலேயே காதில் விழுந்திருந்தது. அதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அவளுடைய அண்ணனும் ஒருத்திக்காக இந்தப் பூவைத் தேடிப் போனவன்தான். பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். யோஸ்டுக்கும் அது தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"பயந்தியே, புண்ணியவானே" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீரன் ஒருத்தனைப் புதைச்சாச்சு. இந்த வீட்டுக்கு இனிமே கோழைதான் வேணும். சரி, சாப்பிட்டியா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். அவள் எழுந்து போய் சூப்பைச் சுடவைத்தாள். இரண்டாவது கிண்ணத்தையும் அவன் வழித்துக் குடித்தான்.

கோடை மேய்ச்சல் முடிந்து மாடுகள் மலையிறங்கி வந்த வாரத்தில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தக் குளிர்காலம் முதல், கூரையேறிப் பனியைத் தள்ளுவது ரெகுலாவின் வேலை. யோஸ்ட் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி நிற்பான்.