ஈயப் பட்டை ஜன்னலும் நான்கு கைகளும்

என் தொழிலைச் சொன்னால், "ஜன்னல் துடைக்கிறதுக்குக்கூடவா ஆள் வைப்பாங்க?" என்று கேட்காதவர்கள் இந்தப் புனேயில் இல்லை.

தீபாவளிக்கு முன்னால் பழைய பேப்பரும் சோப்புத் தண்ணியுமாக ஜன்னலோடு மல்லுக்கட்டி, கடைசியில் முன்பைவிட அதிகக் கோடுகளோடு அதை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே நீங்களும்? உங்களுக்கு என் கஷ்டம் புரியும். சின்னச் சின்ன வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் கோத்த ஜன்னல் என்றால் இன்னும் வம்பு. அழுத்தினால் வளையும். ஸ்ப்ரே அடித்தால் இடுக்கில் அடைத்திருக்கும் மக்குப் பசை ஊறி உதிரும். வினிகர் பட்டால் ஈயம் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் மெத்தென்ற பிரஷ், சுத்திகரித்த தண்ணீரில் ஓரிரு சொட்டு மென்மையான சோப்பு, கிழித்த பருத்தி வேட்டி, காது குடையும் பஞ்சுக் குச்சி, ஈயத் தூசி ஒட்டாமலிருக்கக் கையுறை. எங்கள் ஆயுதம் இவ்வளவுதான். எங்கள் என்றால் நானும் சுனந்தாவும். நான் புனேயின் கட்கிப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. அவள் எங்கள் பக்கத்துச் சந்து மராட்டிக்காரி.

கறுப்பு ஆடு

கட்கியில் தமிழ் ஆராதனை நடக்கும் ஒரு பழைய சர்ச். பீடத்துக்கு அருகில் இருந்த ஜன்னலில் ஒரு மேய்ப்பர், அவர் தோளில் ஒரு ஆட்டுக்குட்டி. மெழுகுவர்த்திப் புகையும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து படிந்ததில் மேய்ப்பரின் முகமே மாலை நேரத்து வானம் மாதிரி மங்கிக் கிடந்தது. முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டினோம். ஓரத்தில் ஒரு பொட்டு இடத்தில் ஈரப் பஞ்சை ஒற்றி, வர்ணம் ஒட்டி வரவில்லை என்று உறுதியான பிறகு, ஒவ்வொரு துண்டாகத் துடைத்துக்கொண்டே மேலே போனோம். பஞ்சு கறுக்கக் கறுக்க, அங்கி நீலமானது, புல் பச்சையானது, ஆடு பளீரென்று வெளுத்தது.

அடுத்த ஞாயிறு எல்லாரும் பார்த்துப் பாராட்டினார்கள். பாடகர் குழுவில் இருக்கும் எஸ்தர் ஆன்ட்டி மட்டும் முன் வரிசையில் திகைத்து உட்கார்ந்திருந்தார். ஏதாவது கெடுத்துவிட்டோமோ என்று பயந்துபோய்ப் பக்கத்தில் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இத்தனை வருஷமா அதைக் கறுப்பு ஆடுன்னு நெனச்சு, எங்க வீட்டுக்காரரைத்தான் காட்டியிருக்காங்கன்னு உருகி உருகி ஜெபம் பண்ணிட்டிருந்தேன். இனிமே எதைப் பாத்தும்மா பண்றது?"

கையை எடுக்க முடியாத ஒரு மத்தியானம்

பழைய பங்களா ஒன்றில் மாடிப்படி ஜன்னல். எடை தாங்காமல் நடுவில் பொரிந்த அப்பளம் போல உப்பியிருந்தது. இப்படிப்பட்டதைத் துடைக்கும்போது ஒருத்தி வெளியே நின்று உள்ளங்கையால் அணை கொடுக்க வேண்டும். சுனந்தா வெளியே சாரத்தில் நின்றாள், நான் உள்ளே. பாதி வேலையில், ஈயப் பட்டைகள் சேரும் இடத்தில் 'டிக்' என்று ஒரு பற்றவைப்பு விட்டது. ஒரு சிவப்புத் துண்டு பட்டையிலிருந்து நழுவி என் பக்கம் சாய்ந்தது. நான் அதை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். மேலே இருந்த துண்டுகள் அவள் பக்கம் தள்ளின. அவளும் இரண்டு கையைக் கொடுத்தாள்.

ஒட்டும் டேப் என் பையில் இருந்தது. பை படிக்கட்டின் கீழே. வீட்டுக்கார அம்மா குளிக்கப் போயிருந்தார். கூப்பிட்டால் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. அவருடைய நாய் மட்டும் வந்து என் காலடியில் சுகமாகப் படுத்துக்கொண்டது. தோள் மரத்துப்போய்க் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தச் சிவப்பு உடைந்தால் அதே நிறத்தில் இன்னொன்று கிடைக்காது. ஒருவழியாக அந்த அம்மா தலையில் டவலோடு ஓடி வந்து, பையிலிருந்து டேப்பை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். ஒரு துண்டும் உடையவில்லை. சாரத்திலிருந்து இறங்கி வந்த சுனந்தா கையை உதறிக்கொண்டே மராட்டியில் சொன்னாள்: "நீ விட்டாலும் உடையும், நான் விட்டாலும் உடையும். என் கல்யாணமும் இப்படித்தாண்டி நிக்குது."

லண்டன் சரக்கு

விமான் நகரில் ஒரு ரெஸ்டாரன்ட். "லண்டன்ல ஏலத்துல எடுத்தது, ஜாக்கிரதை" என்றார் சென்னைக்கார மேனேஜர். வாசலில் ரோஜாக் கொத்துப் போட்ட கண்ணாடி. பின்பக்கம் கையை வைத்தேன், ஒரே வழவழப்பு. துண்டுக்குத் துண்டு தட்டுப்பட வேண்டிய பட்டையே இல்லை. முழுக் கண்ணாடி ஒன்றின் மேல் கலர் தாளும் ஈயம் மாதிரி ஒரு பட்டையும் ஒட்டியிருந்தார்கள். சொல்வதா, விடுவதா? சுனந்தா கண்ணாலேயே 'சொல்லு' என்றாள். சொன்னேன்.

மேனேஜர் கதவைத் தள்ளி உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்: "எனக்கு முதல் நாளே தெரியும் மேடம். முதலாளி தினமும் அது முன்னாடி நின்னு காபி குடிக்கிறாரு. நீங்க லண்டன் சரக்கு மாதிரியே துடைச்சுட்டுப் போங்க."

மயிலின் கண்

நிக்டியில் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீடு. நெல்லைப் பக்கத்துக்காரர். கூடத்து ஜன்னலில் தோகை விரித்த மயில். "ஒரே பிசுக்கு. நல்லா அழுத்தித் தேச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். கண்ணாடியை வெட்டிக் கோத்ததில் குறையில்லை. தோகைக் கண்களை மட்டும் பிரஷ்ஷால் வரைந்திருந்தார்கள். ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றினேன். பஞ்சு நீலமாக வந்தது. சூளையில் சுடாத வர்ணம். தண்ணீர் பட்டால் போய்விடும்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி என் காதோடு சொன்னார்: "எங்க மவ பண்ணுனதும்மா. அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டுப் போனதுல இருந்து இவுக அவகூடப் பேசுறதில்ல."

நான் பெரியவரிடம் போய், "சார், தேச்சா கண்ணெல்லாம் அழிஞ்சிடும். மொட்டை மயில்தான் நிக்கும்" என்றேன்.

"போனா போவட்டும்" என்றார், பேப்பரை விலக்காமல்.

எனக்குக் கை வரவில்லை. ஆனால் சுனந்தாவுக்குத் தமிழ் தெரியாது, என் பஞ்சு நீலமானதையும் அவள் பார்த்திருக்கவில்லை. நாங்கள் பேசி முடித்துவிட்டோம் என்று நினைத்து, துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு ஜன்னல் பக்கம் போனாள். பேப்பர் தரையில் விழுந்தது. அவர் எழுந்து போய் மயிலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார்.

தண்ணீரே தொடாமல், பூனை வாலைவிட மென்மையான பிரஷ்ஷால் சாயங்காலம் வரை தூசியை மட்டும் எடுத்தோம். எங்கெங்கே தூசி என்று தெரிவதற்காக டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். முடிந்ததும் போனை எடுத்து, விரலால் மறைத்தும் ஆட்டியும் ஒருவழியாக ஒரு படம் பிடித்தார். அதை மனைவியிடம் நீட்டிச் சொன்னார்: "அவளுக்கு அனுப்பு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத."

சுத்தம் செய்யக் கூப்பிட்டுவிட்டு, எதையெல்லாம் தொடக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே இந்த ஊர்க்காரர்கள் எங்களை வேலை வாங்குகிறார்கள், நாங்களும் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருக்கிறோம்.