ஏசி வேண்டாம் என்று சொன்னவள்

கட்டடங்களுக்கு ஏசி வேண்டாம் என்று சொல்லிச் சம்பளம் வாங்குவது என் தொழில். கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால், சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டட வடிவமைப்பு ஆலோசகர். வெயில் எங்கே விழும், காற்று எந்தப் பக்கம் வரும், மழைத் தண்ணீரை எதில் பிடிக்கலாம் என்றெல்லாம் கட்டடம் வெறும் வரைபடமாக இருக்கும்போதே சொல்லவேண்டும். சொன்னது சரியா பிழையா என்று தெரிய வருஷக்கணக்கில் ஆகும். இன்றைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அது பலிக்கிறதா என்று பார்க்கப் பயந்துகொண்டே போகிற தொழிலில் நீங்களும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். ஆக்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிய காலத்தில் எனக்கு நடந்தவை இவை.

முதல் கேள்வி

கட்டடம் நாலு மாடி. தூண், உத்தரம், தளம் எல்லாம் மரம். வகுப்பறைகளுக்கு ஏசி கிடையாது. சுவரின் உச்சியில் மோட்டாரால் தானாகத் திறந்து மூடும் ஜன்னல்கள். இரவில் அவை திறந்து பகல் சூட்டை வெளியே விரட்டும். கூடவே விசிறிகள். இதுதான் எங்கள் யோசனை. நானும் செந்திலும் அந்தக் கட்டடத்தை ஒரு முழு வருஷத்து வெயில் மழையோடு கணினியில் ஓடவிட்டுப் பார்த்திருந்தோம். செந்தில் கோயம்புத்தூர்க்காரன், மெக்கானிக்கல் எஞ்சினியர், வயதில் என்னைவிட இளையவன். நான் யாழ்ப்பாணம். நான் "ஓம்" என்பதும் அவன் "ஆமா" என்பதுமாக எங்கள் ஒனிஹங்கா அலுவலகத்தில் ஒரு மூலை முழுக்கத் தமிழாக இருக்கும்.

முதல் கூட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் மார்கரெட், அந்தக் கட்டடத்துக்குக் குடிவரப்போகும் துறைகளின் டீன். நான் காட்டிய படங்களையெல்லாம் கடைசிவரை பார்த்தார். பிறகு, "பெப்ரவரி மாதம், நடுக்கோடை, மத்தியானத்துக்குப் பிறகு, பெரிய விரிவுரை அறை நிறைய ஆட்கள். எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "குளுகுளுவென்று இருக்காது. ஆனால் தாங்கலாம்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்கள் வீட்டில் ஹீட் பம்ப் இருக்கிறதா?" ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இருந்தது. குளிர்காலத்தில் சூடாக்கும், கோடையில் ஏசி. பொய் சொல்ல வாய் வரவில்லை. இருக்கிறது என்றேன்.

"அப்படியென்றால் எங்களுக்கு மட்டும் ஏன் ஜன்னல்?"

ஈர மரம்

கொங்கிரீட்டைவிட மரம் பூமிக்கு நல்லது என்று அறிக்கையில் எழுதுவது சுலபம். அந்த மரம் லொறியில் வந்து இறங்கிய வாரம் முழுவதும் ஆக்லாந்தில் மழை. தளத்துக்கான பெரிய மரப் பலகைகளை மூடியிருந்த பிளாஸ்டிக்கைக் காற்று கிழித்து மதிலுக்கு மேலே பறக்கவிட்டது. ஈரத்தோடு மூடிவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் அது பிறகு மாணவர்களின் சுவாசத்துக்குள் போகும். அலுவலகத்தில் இருந்துகொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கணவர் மழைச் சத்தம் நல்லாயிருக்கு என்று சொன்னால் அவர்மேல் எரிச்சல் வந்தது.

மழை விட்டதும் ஈரம் அளக்கும் கருவியோடு கட்டுமான இடத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்தவன் டோனி, பெரிய உருவம், பெரிய குரல். கருவியைக் குத்திய இடமெல்லாம் எண் எகிறியது. காயும்வரை மேலே எதையும் அடித்து மூட வேண்டாம் என்றேன். "எனக்கு ஆட்கள் சும்மா நிற்கிறார்கள்" என்று டோனி கத்தினான். நான் விடவில்லை. மின்விசிறிகள் வாடகைக்கு வந்தன. நான் தினமும் போய்க் குத்திப் பார்த்தேன். கடைசியில் எண் இறங்கி, மேலே மூடலாம் என்று சொன்ன அன்றும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் நாலு இடத்தில் குத்தினேன். டோனி பக்கத்தில் வந்து நின்றான்.

"மரம் காய்ந்துவிட்டது, கௌரி. உன் முகம்தான் இன்னும் காயவில்லை."

வெட்டுக் கூட்டம்

எந்தக் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு கூட்டம் வரும். செலவு கூடிவிட்டது, எதை வெட்டலாம் என்று எல்லாரும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். முதலில் எல்லோர் கண்ணும் என் பக்கம்தான் திரும்பும். இந்த முறை அவர்கள் கண் விழுந்தது மேற்குச் சுவருக்கு வெளியே நாங்கள் வைத்திருந்த வெயில் மறைப்புகளில். பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த நாட்டில் மத்தியான வெயில் வடக்கிலிருந்து வரும், அதைச் சமாளிக்கலாம். மேற்கு வெயில் சாய்வாக வந்து நேரே அறைக்குள் உட்காரும். மறைப்புகள் இல்லாமல் செந்தில் கணினியில் ஓட்டிக் காட்டிய விரிவுரை அறை முழுக்கச் சூட்டைக் காட்டும் சிவப்பு.

"அலங்காரம்தானே, எடுத்துவிடலாம்" என்றார் ஒருவர். எங்கள் கம்பனி முதலாளியும் அந்த அறையில் இருந்தார். வந்த கட்டளையைச் செய்துகொண்டு போ என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அப்போது என் வேலை விசா அந்தக் கம்பனியின் பெயரில்தான் இருந்தது. நிரந்தரமாக இங்கே இருக்க ரெசிடென்சிக்குப் போட்டுவிட்டு நானும் கணவரும் காத்திருந்தோம். வேலை போனால் விசா போகும். இதெல்லாம் தெரிந்தும் என் வாய் சொன்னது: "மறைப்பை எடுத்தால் ஏசி போடுங்கள். இரண்டும் இல்லாமல் கட்டுவதென்றால் அறிக்கையில் என் பெயர் வேண்டாம்." தண்ணீர்க் கிளாஸை எடுத்தேன், பிறகு குடிக்காமலே வைத்தேன். கடைசியில் மார்கரெட்தான் முன்கூடத்துச் சுவருக்கு யோசித்திருந்த விலைகூடிய பளிங்கு வேண்டாம் என்றார். மறைப்புகள் தப்பின. முதலாளி என்னைப் பார்க்காமல் எழுந்து போனார். படியிறங்கும்போது செந்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அடுத்த தடவை இப்படிப் பேசறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, நானும் ஒரு வேலை தேடி வச்சுக்கிறேன்."

தேத்தண்ணி நிறம்

முதலாளி அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ரெசிடென்சியும் கட்டடம் முடிவதற்குள் வந்துவிட்டது. இனி நிம்மதி என்று கணவர் சொன்னார். கட்டடம் திறந்த முதல் வாரமே போன் வந்தது. கூப்பிட்டவர் கிரெக், அந்த வளாகத்தின் பராமரிப்பு மேலாளர். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து, அந்தத் தண்ணீரைத்தான் கழிப்பறைகளுக்கு விட்டிருந்தோம். புதுக் கூரை, புதுக் குழாய், பக்கத்து மரங்களின் இலை எல்லாம் சேர்ந்து தண்ணீர் வெளிறின தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அதில் பிழையில்லை, கொஞ்ச நாளில் தெளியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கதவைத் திறந்து பார்க்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? "இது மழைத் தண்ணீர், நிறம் இயல்பானது" என்று ஒவ்வொரு கழிப்பறையிலும் ஒட்டச் சொன்னேன். மறுநாள் மழைத் தொட்டி காலி, மாநகரக் குழாய்த் தண்ணீர்தான் ஓடுகிறது என்று கிரெக் திரும்பக் கூப்பிட்டார். அவ்வளவு மழை பெய்ததே, எங்கே போயிற்று என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"நிறம் போகட்டும் என்று ஒவ்வொருவரும் மூன்று தரம் ஃப்ளஷ் பண்ணுகிறார்கள், கௌரி."

நடைபாதையில் ஒரு பெண்

பிறகு மார்கரெட் கேட்ட அந்தப் பெப்ரவரி வந்தது. ஆக்லாந்து வெயில் எண்ணில் பெரிதாகத் தெரியாது. ஆனால் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வகுப்புகள் தொடங்கி மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டை வாயில் வைக்கும் நேரம் செந்தில் ஓடி வந்தான். "அக்கா, பெரிய ரூம்ல ஒரு பொண்ணு மயக்கம் போட்டுருச்சாம்." சாப்பாட்டுப் பெட்டியை மூடினேனா என்றுகூட நினைவில்லை. செந்திலையும் ஏற்றிக்கொண்டு கார் ஓட்டும்போது கணக்குகளையெல்லாம் மனதுக்குள் திரும்ப ஓட்டினேன். எங்கே விட்டேன், எதை மறந்தேன்?

விரிவுரையைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். நடைபாதைச் சுவரில் சாய்ந்து அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றி மயிர் நனைந்து கிடந்தது. தோழி ஒருத்தி கோப்பு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். முதலுதவிக்காரர் பார்த்துவிட்டார், இப்போது பரவாயில்லை என்றார்கள். பக்கத்தில் குந்தித் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். நான் யார் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் கொஞ்சம் குடித்துவிட்டு, என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"நீங்கள் இந்தக் கட்டடத்துக்கு வேலை செய்கிறவரா? யாரிடமாவது சொல்லுங்கள், உள்ளே மூச்சே விட முடியவில்லை."

கூரை

அறைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தேன். உச்சி ஜன்னல்கள் அத்தனையும் மூடிக் கிடந்தன. வெளியே சுட்டெரிக்கிறது, ஒன்றுகூடத் திறக்கவில்லை. கட்டுப்பாட்டுத் திரையை எடுத்துப் பார்த்த செந்தில் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். திரையில், "மழை பெய்கிறது, ஜன்னல்கள் மூடப்பட்டுள்ளன" என்று இருந்தது. நீலமாகக் கிடந்த வானத்தை இருவரும் பார்த்தோம். மழை வந்தால் அறிவிக்க ஒரு சின்ன உணர்கருவியைக் கூரையில் வைத்திருந்தோம். அது ஈரமானால் ஜன்னல்கள் மூடும். மழைக்கு வகுப்பறை நனையக்கூடாதே. கிரெக் சாவியோடு வந்து கூரைக் கதவைத் திறந்துவிட்டார். கருவியின்மேல் கடற்பறவை ஒன்று தாராளமாக எச்சமிட்டிருந்தது. கருவி அதை மழையாக எடுத்துக்கொண்டுவிட்டது. இரவிலும் அதே கதைதான். குளிர வேண்டிய கட்டடம் குளிரவேயில்லை. மூன்று நாள் சூட்டை உள்ளேயே வைத்து அவித்துக்கொண்டிருந்தது.

செந்தில் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தான். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கும்பிடாத தெய்வமில்லை. பிறகு கீழே மோட்டார்கள் முனகும் சத்தம் கேட்டது. ஜன்னல்கள் வரிசையாகத் திறந்தன. கிரெக் கூரை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்த பறவைகளைப் பார்த்தார்.

"உங்கள் கணினிக்கு இவர்களைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தீர்களா?"

கடைசி வரிசை

அன்று மாலையே மார்கரெட்டின் அறையில் நின்றோம். ஒரு பெண் விழுந்திருக்கிறாள். பறவை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "ஒரே கருவியை நம்பியிருந்தது எங்கள் பிழை. கூரையின் எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது கருவி வைப்போம். ஒவ்வொரு அறையிலும் ஆசிரியரே ஜன்னலைத் திறக்க ஒரு சுவிட்ச் வைப்போம்" என்றேன். அவர் ஏசிக்கு ஏற்கெனவே ஆள் பேசத் தொடங்கியிருந்தார். ஏசி வந்தால் மேற்கு மறைப்பு, இரவுக் காற்று, மின்சாரச் சேமிப்பு என்று நாங்கள் செய்த எல்லாம் சும்மா ஆகிவிடும். கோடை முடியும்வரை பொறுங்கள் என்று கேட்டேன். சரி, ஆனால் இன்னொரு பிள்ளை விழுந்தால் அன்றைக்கே முடிவு என்றார்.

இரண்டாவது கருவியும் சுவிட்சுகளும் அந்த வாரமே வந்தன. வெக்கையான ஒவ்வொரு பகலும் நான் வெப்பமானியோடு அந்த விரிவுரை அறையின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். திரையையோ ஆசிரியரையோ பார்க்கவில்லை. பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். யாராவது கொட்டாவி விட்டால் உடனே வெப்பமானியைப் பார்த்தேன். ஒருவன் தலையை மேசையில் வைத்தான், எழுந்து ஓடப்போனேன், அவன் தூங்கினான், அவ்வளவுதான். சுவிட்சை அழுத்தி ஜன்னல் திறக்கும்போது காற்று கழுத்தில் பட்டால் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். அதைப் பார்க்கத்தான் நான் போனேன். மயங்கி விழுந்த பெண்ணும் ஒருநாள் நடுவரிசையில் இருந்தாள். ஜன்னல் காற்று பட்டதும் சட்டைக்கு மேலே மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஏப்ரலில் மார்கரெட் ஏசிக்காரர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். மிகவும் வெக்கையான நாட்களிலும் அறை தாங்கக்கூடியதாக இருந்தது. நான் சொன்னது அவ்வளவுதானே. அந்தச் செய்தி வந்த பிறகும் பழக்க தோஷத்தில் ஒருநாள் போய் உட்கார்ந்தேன். வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர் படியேறி நேரே என்னிடம் வந்தார்.

"வராமல் இருக்கிற மாணவர்களைத்தான் எனக்குத் தெரியும், இவ்வளவு ஒழுங்காக வந்து ஒரு அசைன்மென்ட்கூடக் கொடுக்காத ஆள் நீங்கள்தான்."

நல்ல வெயில் என்று ஆக்லாந்தே கடற்கரைக்குக் கிளம்புகிற நாளில் யாராவது ஒருவர் மட்டும் வானத்தைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு நின்றால், அவரும் என் தொழில்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.