முகமூடி போட்ட படம்

பெயிண்ட் கம்பெனியில் கலவைப் பிரிவையே கட்டி மேய்த்து ஓய்வு பெற்ற சூப்பர்வைசரம்மா, பழைய ஊழியர்களுக்காக இணையத்தில் ஒரு குழு தொடங்கி, வாய் நிறையச் சிரிக்கும் தன் படத்தைப் போட்டார். சேர்ந்தவர்கள் எல்லாம், "நீங்க யாருங்க?" என்றார்கள்.

"வருஷக்கணக்கா கூட வேலை பாத்துட்டு என்னைத் தெரியலையாம்!" என்று பொரிந்து தள்ளினார்.

"நெடிக்குப் பயந்து எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டுத்தானே வேலை பாத்தீங்க?" என்றார் கணவர்.

சூப்பர்வைசரம்மா பீரோவைக் குடைந்து பழைய முகமூடியை மாட்டிக்கொண்டு இன்னொரு படம் போட்டார். போன் ஓயவில்லை. "அக்கா! அந்த முறைப்பை மறக்க முடியுமா?"

மறுநாள் குழு முழுக்க முகமூடிகள், ஒரே கும்மாளம். வெறும் முகத்தோடு வந்தும் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது ஒருவரை மட்டும்தான்: கலவைப் பிரிவுப் பக்கம் தப்பித் தவறிக்கூட எட்டிப் பார்க்காத மேனேஜரை.