ஒரே கேமரா

திருச்சி விமான நிலையத்துச் சுற்றுச்சுவருக்கு எதிரே, சாலையோர டீக்கடையில் நிற்கிறோம். மதுரையிலிருந்து வந்திருக்கும் நான். கூட, உள்ளூர் நண்பன் ரஃபி. பெங்களூரு விமானக் கண்காட்சிக்கு ராத்திரி பஸ் பிடிக்க வேண்டும். போர் விமானங்கள் தலைகீழாகப் பறப்பதை எந்தப் பக்கம் நின்று எடுத்தால் வெயில் முகத்தில் அடிக்காது என்று காலையிலிருந்து பேசியும் தீரவில்லை. அதற்குள் கை பழகட்டும் என்று ஷார்ஜாவிலிருந்து வரும் விமானத்துக்குக் காத்திருக்கிறோம். கேமரா ரஃபியுடையது. இப்போது என் கழுத்தில் தொங்குகிறது; எதிர்ச் சுவரை ஒன்றிரண்டு படம் எடுத்துப் பார்க்கிறேன்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு டீ குடிக்கும் ஒருவர் ஆசையாகக் கிட்டே வருகிறார்.

"ப்ளேனை எடுக்கிறீங்களா சார்? நல்லா எடுங்க. என் பையனுக்கும் ப்ளேன்னா பைத்தியம்."

கிளாஸை வைக்கக் கடைக்குள் போனவனை நான் சத்தமாகக் கூப்பிடுகிறேன். "ரஃபி, சீக்கிரம் வாடா, வரப்போகுது!"

ரஃபி ஓடிவந்து கேமராவை வாங்கிக்கொள்கிறான். ஸ்கூட்டர்காரரின் முகம் மாறுகிறது.

"நீ எதுக்குப்பா ஏர்போர்ட்டைப் படம் எடுக்கறே? யாருக்கு அனுப்பப் போறே?"

சற்றுமுன் இதே சுவரை நான் எடுத்தபோது அவருக்கு நாட்டைப் பற்றிய கவலை வரவில்லை. பதிலுக்குக்கூடக் காத்திராமல் செல்போனில் ரஃபியைப் படம் எடுத்துக்கொள்கிறார். அவனை மட்டும். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விடுகிறார்.

ரஃபி கேமராவைத் திரும்ப என் கழுத்தில் மாட்டுகிறான்.

"பெங்களூருக்கு நீ மட்டும் போயிட்டு வாடா. அங்க கூட்டம் ஜாஸ்தி."

விமானம் எங்கள் தலைக்கு மேலே இறங்குகிறது. சத்தத்தை வைத்தே அது என்ன ரகம் என்று சொல்லிவிடுகிறவன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.