அஜீஸுன்னிசாவின் எருக்கஷாயம்

ஆம்பூரில் பாலாற்றங்கரையோரம் அஜீஸுன்னிசாவுக்கு ஒரு கத்திரித் தோட்டம் இருந்தது. தோட்டத்தைவிட அவள் பேச்சு பெரிது. புருஷன் தோல் பதனிடும் ஷாப்பு நடத்தியவர். அவர் மவுத்தான பிறகு ஷாப்பைக் கொழுந்தன் மக்பூல் அகமது பார்த்துக்கொண்டான், தோட்டத்தை இவள் பார்த்துக்கொண்டாள். ஷாப்பில் வேண்டாமென்று ஒதுக்கிய மரத்தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வேலியோரம் போட்டாள். முரட்டுத் தோலே ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறினால் பதமாகிவிடுகிறதே, எருவை ஊறவைத்தால் பதமாகாதா என்பது அவள் கட்சி. மக்கிய சாணி எரு, புங்கம் புண்ணாக்கு, ஒரு கட்டி வெல்லம் எல்லாவற்றையும் தொட்டியில் ஊறப்போட்டுத் தினமும் கழியால் கலக்குவாள். நுரை கட்டியதும் அந்தத் தண்ணீரை வடித்துச் செடிக்கு ஊற்றுவாள். அதற்குக் கஷாயம் என்று பெயர்.

நாற்றமா? அப்பப்பா! ஆம்பூர் தோல் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த ஊர். அந்த ஊரே இவள் வேலியைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனது.

காய் பெருத்தால் அது கஷாயத்தால். எதிர்வீட்டு வஹீதாவுக்கு ரொம்ப வருஷம் கழித்து ஒரு பிள்ளை பிறந்ததே, அதுவும் இந்தத் தோட்டத்துக் கத்திரிக்காயைத் தின்றதால்தான். வஹீதாவின் புருஷன் இதைக் கேட்டு என்ன நினைத்தாரோ, தெரியாது. ஒரு வருஷம் செடியெல்லாம் வாடிச் செத்தபோது மட்டும் கஷாயத்தின் பேச்சே எழவில்லை. எவளோ கண் வைத்துவிட்டாளாம். "என் அனுபவத்துல சொல்றேன்" என்று அவள் ஆரம்பித்தால், கேட்பவர் உட்கார இடம் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒருநாள் மக்பூல் வந்து நின்றான்.

"பாபி, தோல் காயப்போட எடம் பத்தல. இந்தத் தோட்டத்த எனக்கு வுட்டுருங்க. கத்திரிக்கா கடைத்தெருவுலயே கெடைக்குது."

"என் கஷாயம் குடிச்ச காய் எந்தக் கடையில கெடைக்குது?"

"எல்லாம் கஷாயத்தாலன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்!"

"நீங்க சொல்லாத நாளு எது? வேலூர்லேர்ந்து விவசாய ஆபீசர் வர்றாரு. அவரு சோதிச்சுப் பாத்து ஆமான்னா, தோட்டம் உங்களோடது, நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா தோட்டம் தோலுக்கு. முடிவு தெரியாம நான் தோட்டத்தத் தொட மாட்டேன், இது வாக்கு."

அஜீஸுன்னிசா தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் மருமகள் ராஜ்ஜியம். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட இவளுக்குத் தெரியாது. காலையில் எழுந்தால் போக, அதட்ட, ஆள இந்தத் தோட்டம் ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. இது போய்விட்டால் மூலையில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்ட வேண்டியதுதான். இவ்வளவையும் மனசு எண்ணி முடிப்பதற்குள் வாய் "சரி" என்று சொல்லிவிட்டது. அந்த வாய் என்றைக்குத்தான் மனசைக் கேட்டது?

ஆபீசர் கோவிந்தசாமி கயிறும் முளைக்குச்சியும் தராசுமாக வந்து இறங்கினார். அஜீஸுன்னிசா அந்நிய ஆண் கண்ணில் படாமல் ஓலைத்தட்டிக்குப் பின்னால் நின்றபடி, எண்ணெய்க் கத்திரிக்காய் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள்.

"சாப்ட்டுப் பாருங்க ஆபீசரே! சோதனையே தேவைப்படாது."

"ருசியைத் தராசில் நிறுக்க முடியாதும்மா" என்று அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். நாக்கு இருந்தும் என்ன பிரயோஜனம், பாவம்!

ஒரே மாதிரி இரண்டு பாத்தி கட்டினார். கிழக்குப் பாத்திக்குக் கஷாயம், மேற்குப் பாத்திக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர். காய்க்கும்போது வந்து நிறுத்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அஜீஸுன்னிசா கிழக்குக்கு மனசாரக் கஷாயம் வார்த்தாள். மேற்குக்குத் தண்ணீர் ஊற்றத் திரும்பினால் கை வரவில்லை. ஒரே தஸ்தர்கான் விரிப்பில் உட்காரவைத்துப் பாதிப் பேருக்குப் பிரியாணி, பாதிப் பேருக்குப் பச்சைத்தண்ணீர் என்று பரிமாறுகிற குடும்பமா அவளுடையது? அந்தச் செடிகள் பக்கத்து இலையை எட்டிப் பார்க்கிற மாதிரியே அவளுக்குத் தோன்றியது. "யா அல்லா, இந்தப் பாவம் எனக்கெதுக்கு" என்று மேற்குக்கும் ஒரு குடம் கஷாயம் வார்த்தாள். அப்புறம் தினமும் வார்த்தாள்.

அறுவடையன்று இரண்டு பாத்தியும் ஒரே எடை. "கஷாயத்துக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் இல்லை" என்றார் ஆபீசர். மக்பூல் அப்போதே தோல் கட்டக் கொம்பு நட இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஓலைத்தட்டி குலுங்கியது. "வித்தியாசம் எப்படி இருக்கும்? நான்தான் ரெண்டுக்கும் ஊத்தினேனே!"

ஆபீசர் பேனாவை மூடினார். "அப்படியானால் சோதனை செல்லாது. மறுபடியும் செய்ய வேண்டும்."

மக்பூல் தலையில் அடித்துக்கொண்டான். "பாபி, இந்தத் தடவை நீங்க தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது."

அவளுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. தன் கையை அவளே நம்பவில்லை. தோட்டவேலைக்காரி முனியம்மாவிடம், "கெழக்குக்கு மட்டும். மேக்கால ஒரு சொட்டு விழுந்துச்சு, உன்ன உண்டு இல்லன்னு பண்ணிருவேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பேரணாம்பட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே போயும் மேற்குப் பாத்தியை நினைத்து இரண்டு தடவை அழுதாள்.

காய்ப்பு முற்றியதும் திரும்பி வந்தாள். ஆபீசர் நிறுத்தார். மறுபடியும் ஒரே எடை. போன தடவை எடைக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

அஜீஸுன்னிசாவுக்கு ஒரே சந்தோஷம். "அடியே முனியம்மா, உனக்கும் மனசு கேக்கலையில்ல? நீயும் ரெண்டுக்கும் ஊத்திட்ட! பயப்படாம ஆபீசர்கிட்ட சொல்லு!"

முனியம்மா முந்தானையைக் கடித்தாள். "ஐயோ பீபிம்மா, நான் எதுக்குமே கஷாயம் ஊத்தல, ரெண்டுக்கும் கெணத்துத் தண்ணிதான். அந்த நாத்தத்துல யாரு நிக்கறது? கொடலே பொரண்டுச்சு. எல்லாத்தையும் ஆத்து மணல்ல கொட்டிட்டேன்."

  அஜீஸுன்னிசா வாயடைத்து நின்றதை மக்பூல் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டான்.

ஆபீசர் மட்டும் அசரவில்லை. "இதுவும் செல்லாது. அடுத்த போகத்தில் பார்க்கலாம்" என்று கயிற்றைச் சுருட்டினார். அடுத்த போகத்துக்குள் அவருக்கு மாற்றல் வந்தது. முடிவு வராமல் தோட்டத்தைத் தொடுவதில்லை என்று மக்பூல் வாக்குக் கொடுத்திருந்தான். அவன் வாக்குத் தவறாதவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு இடம் வாங்கிக்கொண்டான். தோட்டம் அவள் கண்மூடுகிறவரை அவளுடையதாகவே இருந்தது.

ஊரார் கேட்டபோது, "காத்துல வாசனை பட்டாலே போதும், அவ்ளோ சக்தி! என் அனுபவத்துல சொல்றேன்" என்றாள். அவர்களும் உட்கார இடம் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் ஆபீசர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போன அன்று மத்தியானம், எல்லாரும் கிளம்பிய பிறகு, அந்தத் தடவை கஷாயமே காணாத மேற்குப் பாத்தியில் அவள் ஒரு காயைப் பறித்து வந்தாள். மருமகளிடம் உப்பு டப்பாவைக் கேட்டு வாங்கித் தன் கையாலேயே சமைத்து, தனியே உட்கார்ந்து தின்றாள். எப்போதும்போல ருசியாகத்தான் இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலித் தொட்டியில் போட எரு அள்ளப் போனாள்.